பாதாள ரெயிலுக்கு அளவு எங்கே?

பூமிக்கு மேலே ஓடும் ரெயிலே இல்லாத ஊர், புதூர்நாடு.

திருப்பத்தூரில் இருந்து மலை ஏறிப் போகவேண்டும். ஜவ்வாது மலையின் வளைவுகளில் பஸ் சுற்றிச் சுற்றிப் போகும். சாமை விளையும் பூமி அது. புளி உண்டு. பலா உண்டு. தேன் உண்டு. தண்டவாளம் மட்டும் கிடையாது. ரெயிலைப் பார்க்க வேண்டுமானால், மலையை விட்டு இறங்கித் திருப்பத்தூருக்கோ, ஜோலார்பேட்டைக்கோ வரவேண்டும்.

அந்த ஊரில் பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன், அட்டையில் ஒரு பாதாள ரெயில் செய்ய ஆசைப்படுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் முதல் முதலாகப் பூமிக்கு அடியில் ஓடிய ரெயில்! அதைச் செய்து பள்ளிக்கூடக் கண்காட்சியில் வைக்கவேண்டும் என்பது அவன் ஆசை.

அட்டை இருக்கிறது. பசை இருக்கிறது. கத்தரிக்கோலும் ஸ்கேலும் இருக்கின்றன. இல்லாதது ஒன்றே ஒன்றுதான்.

அளவு!

பெட்டி எத்தனை அடி நீளம்? எத்தனை அடி உயரம்? கதவு எவ்வளவு அகலம்? அப்பாவைக் கேட்டால், "எனக்கு எப்படிடா தெரியும்? வாத்தியாரைக் கேள்" என்பார். வாத்தியார் என்ன செய்வார், பாவம்! பாடப் புத்தகத்தில் அது இல்லையே!

"பொம்மைதானே? குத்துமதிப்பாகச் செய்துவிட்டுப் போகட்டுமே" என்று சிலர் சொல்லலாம்.

எனக்கு அதில் சம்மதம் இல்லை.

மாட்டு வண்டி பொம்மை ஒன்று செய்கிறீர்கள். சக்கரம் மாட்டைவிட இரண்டு மடங்கு பெரிதாகப் போய்விட்டது. என்ன ஆகும்? ஊரே சிரிக்கும். ஏனென்றால், மாட்டு வண்டியைப் பார்க்காதவர்கள் இல்லை. ஆனால் பாதாள ரெயிலைப் பார்க்காத ஊரில், பாதாள ரெயில் பொம்மையைத் தப்பாகச் செய்தால் யார் சிரிப்பார்கள்? ஒருவரும் சிரிக்கமாட்டார்கள். எல்லோரும் கை தட்டுவார்கள். தப்பு அப்படியே நின்றுவிடும். அடுத்த வருடம் இன்னொரு பையன் அதைப் பார்த்து, அதே தப்போடு இன்னொன்று செய்வான்.

பார்க்காத பொருளுக்குத்தான் சரியான அளவு அதிகம் தேவை.

லண்டன் காட்டிய பாடம்

இந்தத் தொல்லை நமக்கு மட்டும் வந்ததல்ல. பாதாள ரெயிலைக் கண்டுபிடித்த ஊருக்கே வந்தது.

உலகத்தின் முதல் பாதாள ரெயில், 1863-ம் ஆண்டு ஜனவரி 10-ந் தேதி லண்டன் நகரில் மக்களை ஏற்றிக்கொண்டு ஓடியது. பாடிங்டன் என்ற இடத்தில் இருந்து பாரிங்டன் வரை, சுமார் 6 கிலோ மீட்டர் தூரம். அப்போது மின்சார ரெயில் ஏது? நீராவி என்ஜின்தான். பூமிக்கு அடியில் புகை! வெளியேறும் நீராவியைத் தண்ணீர்த் தொட்டிக்குள் விட்டு அடக்கிப் பார்த்தார்கள். பெட்டிகளில் காஸ் விளக்கு எரிந்தது.

இந்த முதல் ரெயிலுக்குப் பொம்மை செய்ய விரும்புகிறவர்கள் இன்று என்ன செய்வார்கள்? லண்டனில் உள்ள போக்குவரத்து மியூசியத்துக்குப் போவார்கள். அங்கே 23-ம் நம்பர் என்ஜின் நிற்கிறது. பாதாள ரெயிலை இழுத்த பழைய நீராவி என்ஜின். டேப்பை எடுத்து அளந்தால் வேலை முடிந்தது என்று தோன்றும்.

இங்கேதான் முதல் பள்ளம்!

23-ம் நம்பர் என்ஜின் கட்டப்பட்டது 1866-ம் ஆண்டு. ரெயில் ஓடத் தொடங்கி மூன்று வருடம் கழித்து. அந்த ரகத்து என்ஜின்களில் முதலாவது வந்ததே 1864-ல்தான். அப்படியானால், முதல் நாள் ரெயிலை இழுத்தது எது? அது வேறு கம்பெனியின் என்ஜின். அது ஓடிய தண்டவாளமும் வேறு. இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே 7 அடி இடைவெளி! பின்னால் வந்த 23-ம் நம்பர் என்ஜினுக்கு இடைவெளி 4 அடி 8½ அங்குலம்தான்.

இரண்டு கம்பெனிகளுக்கும் சண்டை வந்தது. பெரிய இடைவெளி என்ஜின்களை, அவற்றின் சொந்தக்காரர்கள் 1863 ஆகஸ்டு மாதமே திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். ஆகையால் "1863, முதல் நாள்" என்று எழுதிவிட்டு, 23-ம் நம்பர் என்ஜினைச் செய்து வைத்தால், அந்தப் பொம்மை பொய் சொல்கிறது.

சரி, நாள் போகட்டும். 23-ம் நம்பரையாவது அளந்து அப்படியே செய்யலாமா?

அதிலும் சிக்கல் உண்டு. அந்த என்ஜின் 1948 வரையில் உயிரோடு இருந்து உழைத்தது. 82 வருட உழைப்பு! அத்தனை காலத்தில் எத்தனை ரிப்பேர்! பாய்லர் மாறும். புகைபோக்கி மாறும். இன்று மியூசியத்தில் நிற்பது அதன் பிற்கால உருவம். தாத்தாவை அளந்து, அவர் இளமைக் காலத்துச் சட்டையைத் தைக்க முடியுமா?

அப்படியானால் வழி? வழி இருக்கிறது. அந்த என்ஜினைச் செய்தது, மான்செஸ்டர் நகரத்து பேயர் பீகாக் கம்பெனி. அந்தக் கம்பெனி 1966-ல் மூடப்பட்டுவிட்டது. ஆனால் கம்பெனியோடு சேர்த்து அதன் வரைபடங்களைக் குப்பையில் போட்டுவிடவில்லை. மான்செஸ்டர் மியூசியத்தில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். பட்டறை போனாலும் அதன் கணக்கு இருக்கிறது.

இதைத்தான் நாம் கவனிக்கவேண்டும்.

குகையையும் அளக்க முடியாது

1890-ல் லண்டனில் இன்னொரு அதிசயம் நடந்தது. ஆழத்தில் குழாய் போல வளை தோண்டி, அதற்குள் மின்சார ரெயில் விட்டார்கள். குழாயின் குறுக்களவு ஒரு பகுதியில் 10 அடி 2 அங்குலம். இன்னொரு பகுதியில் 10 அடி 6 அங்குலம். அதற்குள் ஓடவேண்டுமே! பெட்டி குட்டியாக இருந்தது. பூமிக்கு அடியில் பார்க்க என்ன இருக்கிறது என்று ஜன்னலை மேலே சிறு கீற்றாக வைத்தார்கள். எந்த ஸ்டேஷன் வந்தது என்றே உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாது. ரெயில் சிப்பந்தி உரக்கக் கத்திச் சொல்லுவார்!

இந்த ரெயிலைச் செய்கிறவர், "குகை இன்னும் இருக்கிறதே, அதை அளந்தால் பெட்டியின் அளவு தெரிந்துவிடுமே" என்று நினைக்கலாம். நடக்காது. 1920-களில் அந்தக் குழாய்களை 11 அடி 8 அங்குலத்துக்கு மேல் அகலப்படுத்திவிட்டார்கள். இன்றைய குகையை அளந்து அன்றைய பெட்டியைச் செய்தால், பெட்டி பெருத்துவிடும்.

ஸ்காட்லாந்தில் உள்ள கிளாஸ்கோ நகரத்துக் கதை வேறு. அங்கே 1896-ல் பாதாள ரெயில் வந்தது. தண்டவாள இடைவெளி 4 அடி. நாலே அடி! இங்கிலாந்து முழுவதும் 4 அடி 8½ அங்குலம் இருக்கும்போது, இங்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துச் செய்தவர் கதி அதோகதி.

பெரம்பூரில் பிறந்த ரெயில்

இப்போது நம் ஊர்க் கதைக்கு வருவோம்.

இந்தியாவின் முதல் பாதாள ரெயில் 1984-ம் ஆண்டு அக்டோபர் 24-ந் தேதி கல்கத்தாவில் ஓடியது. எஸ்பிளனேடில் இருந்து பவானிப்பூர் வரை 3.4 கிலோ மீட்டர். ஐந்தே ஸ்டேஷன். 1972-ல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டி, 12 வருடம் தெருவெல்லாம் தோண்டிப் போட்டு, மக்கள் பட்ட பாட்டுக்குப் பிறகு வந்த ரெயில் அது. அன்றைய பவானிப்பூர் ஸ்டேஷனுக்கு இப்போது நேதாஜி பவன் என்று பெயர்.

ஓடியது கல்கத்தாவில். பெட்டிகள் பிறந்தது எங்கே தெரியுமா?

சென்னைப் பெரம்பூரில்!

1955-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி நேரு தொடங்கி வைத்த ரெயில் பெட்டித் தொழிற்சாலை அந்தப் பெட்டிகளைச் செய்தது. மின்சாரக் கருவிகள் பெங்களூரில் இருந்து வந்தன. தகட்டை வெட்டியது, ஒட்டியது, ஆணி அடித்தது, வர்ணம் பூசியது எல்லாம் பெரம்பூர்த் தொழிலாளர்கள். அயனாவரத்திலும் வில்லிவாக்கத்திலும் குடியிருந்த குடும்பங்களின் உழைப்பு, கல்கத்தாவின் பூமிக்கு அடியில் ஓடியது.

எத்தனை பேருக்கு இது தெரியும்? பையனுடைய வாத்தியாருக்குத் தெரிந்தால்கூட ஆச்சரியம்தான்.

அந்தக் காலத்து, குளிர்சாதனம் இல்லாத ரெயில்களில் கடைசியானது 2021-ம் ஆண்டு அக்டோபர் 24-ந் தேதி விடைபெற்றது. ஓடத் தொடங்கி 37 வருடம் முடிந்த அதே நாளில் வழியனுப்பினார்கள். ஓய்வு பெற்ற ரெயில் பெட்டிகள் சாதாரணமாக எங்கே போகும்? இரும்புக்குத்தான் போகும். ஒன்றிரண்டைக் காட்சிக்கு வைத்தாலும், 37 வருட ரிப்பேரோடுதான் வைப்பார்கள். லண்டன் என்ஜின் கதைதான் இங்கும். முதல் நாள் உருவம் வேண்டுமானால், தொழிற்சாலையின் வரைபடத்துக்குத்தான் போகவேண்டும்.

சென்னையைப் பார்த்துச் செய்யாதே!

புதூர்நாட்டுப் பையன் சென்னைக்கு வருகிறான். மெட்ரோ ரெயிலில் ஏறுகிறான். சென்னையில் பூமிக்கு அடியில் ரெயில் ஓடத் தொடங்கியது 2017 மே 14-ந் தேதி, திருமங்கலத்துக்கும் நேரு பூங்காவுக்கும் நடுவே. அதைப் பார்த்துவிட்டு, "கல்கத்தா ரெயிலும் இப்படித்தானே இருக்கும்" என்று நினைத்தால் போச்சு.

சென்னை மெட்ரோவின் தண்டவாள இடைவெளி 1435 மில்லி மீட்டர். கல்கத்தாவின் முதல் பாதாள ரெயிலுக்கு 1676 மில்லி மீட்டர். அதாவது ஜோலார்பேட்டையில் ஓடும் சாதாரண ரெயிலுக்கு உள்ள அதே அகலம். ஏறக்குறைய ஒரு சாண் வித்தியாசம்!

கல்கத்தாவிலேயே, ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் போகும் புதிய பாதைக்கு 1435 மில்லி மீட்டர்தான். ஒரே ஊரில் இரண்டு அளவு!

இன்னொன்று. சென்னை மெட்ரோவுக்குத் தலைக்கு மேலே கம்பியில் இருந்து மின்சாரம் வருகிறது. கல்கத்தாவின் முதல் ரெயிலுக்கு மேலே கம்பியே கிடையாது. தண்டவாளத்துக்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு தண்டவாளம் போட்டு, அதில் 750 வோல்ட் மின்சாரம் விட்டார்கள். ஜோலார்பேட்டையில் கம்பியைப் பார்த்துப் பழகிய பையன், பொம்மையின் கூரையிலும் கொம்பு வைத்துவிடுவான். கண்ணில் பட்டதை வைத்துத்தானே கை வேலை செய்யும்?

கடையில் விற்கும் பொம்மைத் தண்டவாளத்திலும் ஏமாற்று வேலை உண்டு. வெளிநாட்டுப் பொம்மைத் தண்டவாளத்தில் மிகவும் அதிகமாக விற்பது 16.5 மில்லி மீட்டர் இடைவெளி உள்ளது. 1435 மில்லி மீட்டரை 87-ல் ஒரு பங்காகக் குறைத்தால் அது வரும். நம் 1676-ஐ அதே 87-ல் ஒரு பங்காக்கினால் 19 மில்லி மீட்டருக்கு மேல் வரும். நம் பெட்டியை அந்தத் தண்டவாளத்தில் வைத்தால், பெரிய ஆள் சின்னப் பையன் செருப்பைப் போட்டுக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கும்.

ஆனால் நூறில் ஒரு பங்காகச் செய்யுங்கள். 1676 மில்லி மீட்டர் 16.76 ஆகிவிடும். கடைத் தண்டவாளத்துக்கும் அதற்கும் கால் மில்லி மீட்டர்தான் வித்தியாசம்! கணக்கும் சுலபம். ஒரு மீட்டருக்கு ஒரு சென்டி மீட்டர். அடி, அங்குலம் என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். நம் பிள்ளைகளுக்கு நூறில் ஒரு பங்குதான் சரி என்பது என் அபிப்பிராயம். வெளிநாட்டுக்காரர்கள் 87 என்றும் 76 என்றும் வைத்துக்கொண்டு மண்டையை உடைத்துக்கொள்ளட்டும்.

போட்டோவை நம்பலாமா?

வரைபடம் கிடைக்காத வரையில் போட்டோவில் இருந்தும் ஓரளவு அளவு எடுக்கலாம். நேர் பக்கத்தில் இருந்து எடுத்த போட்டோவாக இருக்கவேண்டும். மூலையில் நின்று எடுத்தது உதவாது. அதில் அருகே இருப்பது பெரிதாகவும், தள்ளி இருப்பது சிறிதாகவும் தெரியும்.

போட்டோவில் நிச்சயமாக அளவு தெரிந்த பொருள் ஒன்று இருக்கவேண்டும். லண்டன் 23-ம் நம்பர் என்ஜினின் பெரிய சக்கரம் 5 அடி 9 அங்குலம். அதாவது 69 அங்குலம். உங்கள் போட்டோவில் அந்தச் சக்கரம் 23 மில்லி மீட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 69-ஐ 23-ஆல் வகுத்தால் 3. அப்படியானால், போட்டோவில் ஒரு மில்லி மீட்டர், உண்மையில் 3 அங்குலம். மற்றப் பாகங்களையும் இப்படியே கணக்குப் போடலாம். ஐந்தாம் வகுப்புக் கணக்குத்தான்.

இதிலும் ஒரு எச்சரிக்கை. ரெயில் சக்கரம் ஓடி ஓடித் தேயும். தேய்ந்த சக்கரத்தை மறுபடியும் கடைசல் பிடிப்பார்கள். சுற்றளவு குறையும். ஆகையால் சக்கரத்தைவிடத் தண்டவாள இடைவெளியை நம்புவது நல்லது. ஆனால் பக்கவாட்டில் எடுத்த போட்டோவில் இடைவெளி தெரியாதே! முன்பக்கத்தில் இருந்து நேராக எடுத்த போட்டோ ஒன்றும் வேண்டும்.

வரைபடமே கிடைத்தாலும், அதன் மேல் ஸ்கேலை வைத்து அளக்கக்கூடாது. காகிதம் ஈரத்தில் விரியும், வெயிலில் சுருங்கும். நகல் எடுக்கும்போது அளவு மாறும். படத்தில் எழுதியிருக்கும் எண்ணைத்தான் எடுத்துக்கொள்ளவேண்டும். பட்டறையில் வேலை பார்த்தவர்களுக்கு இது பாலபாடம்.

இதில் என்ன ரகசியம்?

பெரம்பூர்த் தொழிற்சாலை நம் வரிப் பணத்தில் நடப்பது. கல்கத்தாவின் முதல் பாதாள ரெயிலோ ஓய்வு பெற்றுவிட்டது. ஓடாத ரெயிலின் நீள அகலத்தில் என்ன ரகசியம் இருக்கமுடியும்?

சென்னையில் ரெயில் மியூசியம் 2002-ம் ஆண்டு முதல் இருக்கிறது. பெட்டித் தொழிற்சாலையை ஒட்டியே இருக்கிறது. பிள்ளைகள் பொம்மை ரெயிலில் ஏறிச் சுற்றிவிட்டு, ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். அங்கே, "இந்தியாவின் முதல் பாதாள ரெயிலை இங்கேதான் செய்தோம். அதன் அளவுகள் இவை" என்று தமிழில் ஒரு படம் அச்சடித்துக் கொடுக்கலாமே! ஒரே ஒரு தாள். பக்கத் தோற்றம், முன் தோற்றம், மேல் தோற்றம், முக்கியமான அளவுகள். அவ்வளவு போதும். கட்டிங் போட்டு ஒட்டுகிற மாதிரி கெட்டி அட்டையிலேயே அச்சடித்துவிட்டால் இன்னும் நல்லது. சேலத்துக்கும் நெல்லைக்கும் புதூர்நாட்டுக்கும் அந்தத் தாள் போகட்டும்.

அந்தப் பெட்டிகளைச் செய்த தொழிலாளர்களில் பலருக்கு இன்று வயது அறுபதுக்கு மேல் இருக்கும். பேரப்பிள்ளைகள் எடுத்திருப்பார்கள். "தாத்தா செய்த ரெயில் இது" என்று காட்ட அவர்கள் வீட்டில் என்ன இருக்கிறது? ஒரு குரூப் போட்டோ இருந்தால் அதிசயம்.

"மலையில் இருக்கிற பிள்ளைக்கு இத்தனை நுட்பம் எதற்கு?" என்று கேட்கிறவர்களுக்கு ஒரு செய்தி. அதே ஜவ்வாது மலையில் காவலூர் இருக்கிறது. அங்கே வைணு பாப்பு பெயரில் வான ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1986-ல் அங்கே வைத்த தொலைநோக்கியின் கண்ணாடி 2.34 மீட்டர் குறுக்களவு. அதில் தலைமுடி அளவு பிசகினாலும் நட்சத்திரம் தெரியாது. நட்சத்திரத்தை அளக்கிற மலையில், ரெயில் பெட்டியை அளக்கக்கூடாதா?

பத்து ரூபாய் போதும்

மியூசியம் அச்சடிக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 2005-ம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. புதூர்நாட்டு வாத்தியார் ஒரு வெள்ளைத் தாளில் மனு எழுதலாம். தமிழிலேயே எழுதலாம் என்று நினைத்துச் சும்மா இருந்துவிட வேண்டாம். மத்திய அரசுத் தொழிற்சாலை ஆகையால், கூடவே ஆங்கிலத்திலும் ஒரு நகல் எழுதினால் வேலை சீக்கிரம் நடக்கும். கட்டணம் 10 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் கிடையாது. சாதாரணத் தாளில் நகல் எடுத்துக் கொடுக்கப் பக்கத்துக்கு 2 ரூபாய். பெரிய தாளில் கேட்டால், நகல் எடுக்க ஆகும் செலவைக் கேட்பார்கள்.

மனுவில் "கல்கத்தா ரெயிலைப் பற்றிய எல்லா விவரமும்" என்று கேட்கக்கூடாது. அப்படிக் கேட்டால் ஒன்றும் வராது. "1984-ம் ஆண்டு ஓடத் தொடங்கிய பெட்டிகளின் பொது அமைப்பு வரைபடம்" என்று வருடத்தைப் போட்டுக் கேட்கவேண்டும். பெட்டியின் நீளம் என்று மட்டும் கேட்டால், இணைப்புக் கொக்கியோடு சேர்த்தா, கொக்கி இல்லாமலா என்று குழப்பம் வரும். இரண்டையும் தனித்தனியாகக் கேட்கவேண்டும். உயரம் என்றால், தண்டவாளத்தின் தலையில் இருந்து கூரை உச்சி வரை. பிறகு தரையின் உயரம், புதிய சக்கரத்தின் குறுக்களவு, முன் சக்கரத் தொகுதிக்கும் பின் சக்கரத் தொகுதிக்கும் நடு மையத் தூரம், கதவின் அகலம், ஜன்னலின் அகலம். வர்ணத்தையும் கேட்டுவிடலாம்.

சாதாரணமாக 30 நாளில் பதில் வரவேண்டும் என்பது சட்டம். வராவிட்டால் மேல்முறையீடு உண்டு. அதுவரையில் பையன் சும்மா இருக்கவேண்டாம். தண்டவாள இடைவெளி தெரிந்துவிட்டதே! 16.76 மில்லி மீட்டர் இடைவெளி விட்டு இரண்டு தண்டவாளத்தையும் ஒட்டி, பக்கத்தில் மின்சாரத் தண்டவாளத்துக்கு இடம் விட்டு வைக்கலாம்.